காது வழியே நடையைத் திருத்த முடியுமா?

பார்க்கின்சன் நோய் வந்து ஆறு ஆண்டுகளான உங்கள் தந்தைக்கு மாத்திரையால் கை நடுக்கம் அடங்கியிருந்தும் நடை மட்டும் தேறவில்லை என்றும், கதவைத் தாண்டும்போதும் திரும்பும்போதும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார் என்றும், காதைத் தூண்டும் கருவியால் நடை மேம்படும் என்று படித்ததால் அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை முடிவு செய்வதற்கு முன், நீங்கள் படித்தது எந்தத் தூண்டலைப் பற்றியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் ‘காதுத் தூண்டல்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறான மூன்று முறைகள் புழங்குகின்றன. அவற்றுள் சான்று மிகுந்தது எதுவோ, அதற்குத் தனிக் கருவியே ஏறக்குறையத் தேவையில்லை.

முதலாவது முறை காதின் கேட்கும் திறனைப் பயன்படுத்துகிறது: சீரான தாள ஒலியைக் கேட்டு அதற்கேற்ப அடியெடுத்து வைப்பது. இரண்டாவது, மூளையிலிருந்து இதயம், குடல்வரை செல்லும் வேகஸ் நரம்பின், காது மடலின் தோலில் வந்து முடியும் கிளையை மெல்லிய மின்துடிப்பால் தூண்டுவது. இதில் ஒலிக்கு வேலையே இல்லை, காது கேளாதவருக்கும் இதைச் செய்யலாம். மூன்றாவது, உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்பை வெப்பத்தாலோ மின்னோட்டத்தாலோ தூண்டுவது. செய்தித் தலைப்புகள் மூன்றையும் ஒரே மாதிரி எழுதிவிடுவதால், ஒரு முறைக்குக் கிடைத்த நற்பெயர் இன்னொரு முறையின் விற்பனைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நாம் நடக்கும்போது நடப்பதைப் பற்றி நினைப்பதில்லை. கிளம்ப வேண்டும் என்ற முடிவு மட்டுமே நம்முடையது. அதன் பின் அடுத்தடுத்த அடிகள் எவ்வளவு நீளத்தில், என்ன இடைவெளியில் விழ வேண்டும் என்பதைப் பெருமூளையின் அடியாழத்தில் உள்ள நரம்பணுத் திரள்கள் நாம் அறியாமலே கவனித்துக்கொள்கின்றன. அத்திரள்கள் சரியாக இயங்க டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். அதைத் தரும் நடுமூளை அணுக்கள் இந்நோயில் படிப்படியாக அழிகின்றன. அதனால் அடி குட்டையாகிறது, கை வீச்சு குறைகிறது, ஒவ்வோர் அடிக்கும் இடையிலான நேரம் ஒரு சீராக இல்லாமல் போகிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் வெளியிட்ட சிறு நூலிலேயே, நடுக்கத்தோடு கூட, உடல் முன்னே சாய்ந்து நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறிவிடும் போக்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. இதன் அடுத்த படிதான் உங்கள் தந்தைக்கு வரும் உறைதல். போக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, தசையில் வலு இருக்கிறது, ஆனால் கால் மட்டும் கிளம்புவதில்லை.

இந்த நோயைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் அறிந்த ஒரு விந்தை உண்டு. சமதரையில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் நிற்பவர், மாடிப்படி என்றால் தயக்கமின்றி ஏறிவிடுவார். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துவிடுவார். பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் 1967-இல் இதை விரிவாக எழுதினார். நடக்கும் ஆற்றல் அழிந்துவிடவில்லை, அதை உள்ளிருந்து கிளப்பிவிடும் குறிப்புத்தான் வலுவிழந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. உள்ளிருந்து வராத குறிப்பை வெளியிலிருந்து கொடுத்தால், மூளை பழுதான பாதையைச் சுற்றிக்கொண்டு, சிறுமூளையையும் மூளையின் மேலுறையான புறணியின் இயக்கப் பகுதிகளையும் கூடுதலாகப் பயன்படுத்தி நடையை ஓட்டிக்கொள்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கோடு கண்ணுக்குக் கிடைக்கும் குறிப்பு. தாளம் காதுக்குக் கிடைக்கும் குறிப்பு. கோடு போட்ட தரையை எங்கும் எடுத்துச் செல்ல முடியாது, தாளத்தை எடுத்துச் செல்லலாம். தவிரவும், கால இடைவெளியைக் கணிப்பதில் கண்ணைவிடக் காது கூர்மையானது. தமிழில் ‘நடை’ என்ற சொல் காலுக்கும் தாளத்துக்கும் பொதுவாக இருப்பது இங்கே தற்செயலாகவேனும் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

தாளப் பயிற்சிக்கு முதலில் உறுதியான அடித்தளம் இட்டது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாட் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு. 15 நோயாளிகள் மூன்று வாரம் தங்கள் வீட்டிலேயே, மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தட்டொலி தரும் தாளக்கருவி) துடிப்பு பதிக்கப்பட்ட இசை நாடாவைக் கேட்டபடி நடந்து பழகினார்கள். ஒப்பீட்டுக்காக ஒரு குழு ஒலியின்றித் தன் மனக்கணக்கில் நடந்தது. இன்னொரு குழு பயிற்சியே செய்யவில்லை. தாளம் கேட்டு நடந்தவர்களின் வேகம் 25 விழுக்காடும், ஒரே கால் அடுத்தடுத்து ஊன்றும் இடங்களுக்கு இடையிலான நீளம் 12 விழுக்காடும் கூடின. தாமாக நடந்து பழகியவர்களின் வேகம் 7 விழுக்காடு மட்டுமே கூடியது. பயிற்சி இல்லாதவர்களுக்கு அதே அளவு குறைந்தது. இந்த அளவீடுகள் ஒலியை நிறுத்திவிட்டு எடுக்கப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, ஒலி ஒலிக்கும்போது மட்டும் ஊன்றுகோலாக இருந்துவிட்டுப் போகாமல், பழக்கமாகவும் ஓரளவு உள்ளே தங்கியிருக்கிறது.

ஆனால் எண்ணிக்கை சிறியது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 2007-இல், ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 153 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது; அதன் முதன்மை ஆசிரியர் பெல்ஜியத்தின் ஆலிஸ் நியூவ்பூர். அதிலும் மூன்று வார வீட்டுப் பயிற்சிதான். ஒலி, ஒளி, மணிக்கட்டில் அதிர்வு ஆகியவற்றில் விரும்பிய குறிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். வேகம் விநாடிக்கு 5 சென்டிமீட்டரும், அடியின் நீளம் 4 சென்டிமீட்டரும் கூடின. உறைதல் உள்ளவர்களுக்கு அதன் கடுமை 5.5 விழுக்காடு குறைந்தது. ஆறு வாரம் பயிற்சியை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தபோது பலன் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. எனக்கு 1996-இன் எண்களைவிட இந்த எண்களே நம்பகமாகத் தோன்றுகின்றன. பலன் உண்டு, ஆனால் மிதமானது, தொடர்ந்து செய்யும்வரை மட்டுமே நிற்பது. மாத்திரையை நிறுத்தினால் அதன் பலன் நிற்கும் என்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், பயிற்சி மட்டும் ஒருமுறை செய்தால் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதை எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஏதோ ஒரு பாட்டை ஓட விட்டு நடக்கச் சொல்வது தாளப் பயிற்சி ஆகாது. முதலில் உங்கள் தந்தை எந்த ஒலியும் இல்லாமல், தனக்கு வசதியான வேகத்தில், நேரான தடையற்ற இடத்தில் நடக்கட்டும். முப்பது விநாடிக்கு எத்தனை அடிகள் என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நலமான பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்கும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இந்த எண்ணிக்கை அவ்வளவாகக் குறைந்திருக்காது, சிலருக்குக் கூடியே இருக்கும். குறைந்திருப்பது அடியின் நீளம். அதனால்தான், வேகமாக நடக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் தாளத்தை விரைவுபடுத்துவது சிலருக்குத் தீங்காகிறது. உறைதல் இல்லாதவர்களுக்கு இயல்பான வேகத்தைவிடச் சுமார் 10 விழுக்காடு கூடுதலான தாளம் நன்மை தரலாம். உறைதல் உள்ளவர்களுக்கோ அதே கூடுதல் தாளம் அடியை மேலும் குட்டையாக்குவதும், 10 விழுக்காடு குறைந்த தாளம் அடியை நீளமாக்குவதும் ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. உங்கள் தந்தை இரண்டாம் வகையினர். நிமிடத்துக்கு 110 அடி நடக்கிறார் என்றால் 100-இல் தொடங்குங்கள். ‘தாளத்துக்கு ஓர் அடி, ஆனால் பெரிய அடி’ என்று சொல்லிக்கொடுங்கள். தாளத்தோடு நீளத்தையும் மனத்தில் வைக்கச் சொல்வது முக்கியம், ஏனெனில் தாளம் நேரத்தை மட்டுமே சொல்லும், எவ்வளவு தூரம் காலை வீச வேண்டும் என்பதைச் சொல்லாது.

மெட்ரோனோம் செயலி எந்தக் கைபேசியிலும் இலவசமாகவே கிடைக்கும். வெறும் ‘டிக் டிக்’ ஒலி சலிப்பூட்டினால் இசையைப் பயன்படுத்தலாம். ஆனால் தாளம் தெளிவாகக் கேட்கும் இசையாக, வேகம் இடையில் மாறாததாக, தேர்ந்தெடுத்த எண்ணிக்கைக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். மனத்தை உருக்கும் பாடல் வேறு, காலை நகர்த்தும் பாடல் வேறு. நாள்தோறும் இருபது முப்பது நிமிடம், மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையில் தொடங்குவது நல்லது. முதலில் நேர்க்கோட்டு நடை, பிறகு வளைந்து திரும்புதல், பிறகு கதவுகள், அதற்குப் பின்பே கையில் எதையேனும் எடுத்துக்கொண்டு நடத்தல் என்று படிப்படியாகப் போக வேண்டும். திரும்பும்போது ஒரே காலை மையமாக வைத்துச் சுழலாமல், தாளத்துக்கு ஓரடியாக அகன்ற வளைவில் திரும்பப் பழக்குங்கள். உறைதலும் விழுதலும் திரும்பும் இடங்களில் மிகுதி. தொடக்கத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஓரிரு முறையேனும் உடனிருந்து வேகத்தை அமைத்துக் கொடுத்தால், நீங்கள் ஒரு மாதம் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிப்பதை ஒரே நாளில் சொல்லிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. போக்குவரத்து உள்ள சாலையில் இரு காதுகளையும் அடைக்கும் ஹெட்போனோடு அவர் நடக்கக் கூடாது. காதுத் துளையை அடைக்காத, எலும்பு வழியே ஒலி கடத்தும் வகையைப் பயன்படுத்தலாம், அல்லது வீட்டுக்குள்ளும் பூங்காவிலும் மட்டும் ஒலியோடு நடக்கலாம். மறதி மிகுந்தவர்களுக்கும், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளில் கவனம் வைக்கத் திணறுபவர்களுக்கும் ஒலியே கவனத்தைச் சிதறடிக்கும் சுமையாகிவிடுவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் கருவியைவிட, உடன் நடப்பவர் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுவதையே எளிதாகப் பின்பற்றுவார்கள். நாளடைவில் நோயாளியே மனத்துக்குள் எண்ணவோ முணுமுணுக்கவோ பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. மின்கலம் தீர்ந்துபோகாத மெட்ரோனோம் அது ஒன்றுதான்.

இனி, நீங்கள் படித்த செய்தி அநேகமாகக் குறிப்பிட்டிருக்கக்கூடிய இரண்டாவது முறைக்கு வருகிறேன். பஞ்சுக் குச்சியால் காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவதைக் கவனித்திருப்பீர்கள். காதுக்கும் தொண்டைக்கும் என்ன உறவு என்றால், தொண்டை, இதயம், குடல் என்று நெடுந்தூரம் அலைந்து திரியும் வேகஸ் நரம்பு, செவித்துளைக்கும் காது மடலின் உட்குழிவுக்கும் ஒரு சிறு கிளையை அனுப்பியிருக்கிறது. வேகஸ் நரம்பு தோலின் மேற்பரப்புக்கு வரும் இடம் உடலில் இது ஒன்றே. அந்தக் குழிவில் மின்முனையைப் பொருத்தி, விநாடிக்கு 25 என்ற அளவில் மெல்லிய துடிப்புகளைச் செலுத்தினால், செய்தி மூளைத் தண்டுக்குப் போய், அங்கிருந்து நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ‘லோகஸ் செருலியஸ்’ என்ற சிறு அணுத்தொகுதியையும் எட்டுகிறது. பார்க்கின்சன் நோயில் டோபமின் அணுக்கள் மட்டுமல்லாமல் இந்த அணுக்களும் அழிகின்றன என்பதாலும், டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரைக்கு முழுதாக இணங்காத நடைக் கோளாறுகளில் இந்த இழப்புக்கும் பங்கிருக்கலாம் என்பதாலும்தான் ஆய்வாளர்களின் கவனம் இங்கே திரும்பியது. அடிப்படைக் கருத்து வலுவானது. எனக்கும் இதில் ஆர்வம் உண்டு.

ஆனால் மனிதரிடம் கிடைத்துள்ள சான்று இன்னும் மெலிந்ததே. சில சிறு ஆய்வுகளில் அடியின் நீளமும் நடை வேகமும் கூடியிருக்கின்றன. வேறு சிலவற்றில் போலித் தூண்டல் பெற்றவர்களுக்கும் உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்கும் இயக்கத்தில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பங்கேற்றவர்கள் பெரும்பாலும் சில பத்துப் பேர், காலம் ஓர் அமர்விலிருந்து சில வாரங்கள்வரை. கழுத்தில் வைத்துத் தூண்டும் முறையின் முடிவுகளைக் காதுக் கருவியின் முடிவாக எடுத்துக் காட்டும் விளம்பரங்களும் வரக்கூடும். நரம்பு ஒன்றே ஆனாலும் இரண்டும் வேறு வேறு.

போலித் தூண்டலோடு ஒப்பிட்டார்களா என்று நான் பார்ப்பதற்குக் காரணம் இந்த நோயின் தனித்தன்மை. வேகஸ் கிளை எட்டாத காதுச் சோணையில் மின்முனையை வைத்து, நோயாளிக்கு வேறுபாடு தெரியாதவாறு செய்வதே வழக்கமான போலித் தூண்டல். இது ஏன் வேண்டும்? கனடாவின் வான்கூவரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வொன்றில், மருந்து என்று எதிர்பார்த்து வெறும் உப்புநீர் ஊசியைப் பெற்ற பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் உண்மையிலேயே சுரந்ததைப் படப்பதிவில் கண்டார்கள். தேறிவிடுவோம் என்ற எதிர்பார்ப்பே இந்நோயில் மருந்தாக வேலை செய்கிறது. ஆகவே ஒருவர் கருவியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் காணொளி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் நடந்தது உண்மை, நடக்க வைத்தது கருவியா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது முறையின் கதை நூறாண்டுகளுக்கு மேல் பழையது. வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரனி, செவியைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் நோயாளியின் கண்கள் ஒரு பக்கமாகத் துடிப்பதையும், நீர் மிகச் சூடாக இருந்தால் மறுபக்கமாகத் துடிப்பதையும் கண்டார். உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் வெப்ப வேறுபாட்டால் நகர, தலை சுழல்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. இந்த ஆய்வுகளுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். அவர் கண்ட விளைவையே, மயக்கம் வராத அளவுக்கு மெதுவாக மாறும் வெப்பத்தில், தலையில் மாட்டும் கருவியின் காது முனைகள் வழியே தருவதுதான் இன்றைய முறை. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வில்கின்சன் குழுவினர் இதைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம், நாளுக்கு இருமுறை, இரண்டு மாதம், வீட்டிலேயே சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். போலிக் கருவி பெற்றவர்களைவிட இயக்கத்திலும், இயக்கம் சாராத தொல்லைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது, நிறுத்திய பிறகும் சில வாரங்கள் நீடித்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் சில பத்துப் பேரை வைத்துக் கிடைத்த முடிவு, அளந்ததும் நோயின் பொதுவான நிலையை, உறைதலை மட்டும் தனியாக அன்று. இரு காதுகளுக்கும் பின்னுள்ள எலும்பின்மேல் மின்முனை வைத்து, உணரவே முடியாத ஒழுங்கற்ற மின்னோட்டத்தால் சமநிலை நரம்பைத் தூண்டும் முறை ஒன்றும் உண்டு. நிற்கும்போது உடல் ஆடுவது குறைவதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள், வீட்டு நடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே என் பதில்: இப்போது கருவி வாங்க வேண்டாம். மருத்துவமனை ஏதேனும் முறையான ஆய்வில் சேர அழைத்தால் தாராளமாகச் சேரலாம். அங்கே செலவும் இருக்காது, கண்காணிப்பும் இருக்கும். அப்போதும் சில விவரங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் ஆழத்தூண்டல் கருவி, கேட்பதற்காக உட்செவியில் வைக்கும் காக்ளியர் கருவி ஆகியவை பொருத்தியவர்களும், இதயத் துடிப்பு சீரற்றவர்களும் மருத்துவர் ஒப்புதலின்றி மின்தூண்டலை நெருங்கக் கூடாது. செவிப்பறையில் துளையோ காதில் சீழோ இருந்தால் வெப்பத் தூண்டலும் ஆகாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, உறைதல் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைப்பது. பெரும்பாலானோருக்கு அது மாத்திரையின் வேகம் தணிந்த வேளையில் வரும். அப்படியானால் வேளையையோ அளவையோ மாற்றியே நரம்பியல் மருத்துவர் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடக்கூடும். அரிதாகச் சிலருக்கு மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையிலும் வரும். அவர்களுக்கு அளவைக் கூட்டுவது உதவாது, சில சமயம் கேடும் செய்யும். மருத்துவமனை நடைபாதை அகலமானது, அங்கே அவர் நன்றாகவே நடந்துவிடுவார். எனவே வீட்டுக் கதவருகே உறைந்து நிற்பதைக் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டு போங்கள்.

தாளப் பயிற்சி எவ்வளவு நன்றாகப் போனாலும் உறைதல் அவ்வப்போது வரவே செய்யும். அப்போது கையைப் பிடித்து முன்னே இழுக்காதீர்கள். மேல் உடல் முன்னால் வந்து கால் பின்தங்கினால் அவர் விழுவார். ‘நட, நட’ என்று அவசரப்படுத்துவதும் உறைதலை நீட்டிக்கும். முழுதாக நிற்கட்டும், மூச்சு விடட்டும், உடல் எடையை வலம் இடமாக மெல்ல இரண்டு மூன்று முறை மாற்றட்டும். அதே அசைவின் தாளத்தில் நீங்கள் எண்ணத் தொடங்குங்கள், மூன்று என்றதும் எடையில்லாத காலை அகலமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.